திரும்பி வந்தவனின் நாடகம்: நாயாற்றிலிருந்து ஒரு பரிந்துரை

தமிழ்த் தினப் போட்டிச் சுற்றறிக்கை பாடசாலைகளுக்கு வந்து சேர்ந்தால் எனக்கு நாலைந்து அழைப்புகள் வரும். முள்ளியவளையிலிருந்து ஒன்று, செம்மலையிலிருந்து ஒன்று, சில வேளை புத்தளத்திலிருந்தும் ஒன்று. கேள்வி மட்டும் மாறாது. "சேர், புதுசா ஒரு நாடகம் இருந்தாச் சொல்லுங்கோ." பிள்ளைகள் பத்துப் பேர்தான், அதிலும் பெண்பிள்ளைகள் கூட, மேடைச் செலவுக்குக் காசில்லை, அரசியல் கிரசியல் வேண்டாம் என்ற நிபந்தனைகள் பின்னால் ஒவ்வொன்றாக வரும்.

இப்படிக் கேட்கிறவர்கள் வாசிப்புப் பழக்கமுள்ள ஆசிரியர்கள். நாவல், சிறுகதை என்றால் தாங்களே தேடி எடுத்துவிடுவார்கள். நாடகத்துக்கு அப்படி ஒரு வழி நம்மிடம் இல்லை. மேடையேறிய பிரதி நெறியாளரின் கோப்பில் கிடக்கும். அவர் கனடா போனால் கோப்பும் கூடப் போகும், அல்லது வீட்டுப் பரணில் செல்லரிக்கும். வன்னியில் எழுதப்பட்டவற்றில் எத்தனை 2009இல் பதுங்குகுழிகளுக்குள் போயின என்று கணக்கெடுக்க ஆளில்லை. திருமறைக் கலாமன்றத்தின் 'ஆற்றுகை' போன்ற அரங்க இதழ்களும், நூலகம் நிறுவனம் இணையத்தில் சேர்த்து வைத்திருக்கும் பழைய பிரதிகளும் இல்லாவிட்டால் எங்கள் நாடக வாசிப்பு பாடப்புத்தகத்தோடு நின்றுவிடும். ஆகவே, கேட்ட ஆசிரியருக்கு நானும் வழமையான பெயரையே சொல்வேன்: குழந்தை ம. சண்முகலிங்கம். 'மண் சுமந்த மேனியர்' 1985இல் வந்தது. பிள்ளைகள் வெளிநாடு போனபின் தனித்துப்போன முதியவர்களைப் பற்றிய 'எந்தையும் தாயும்' அதற்குப் பிந்தியது. இரண்டும் இன்றும் உயிரோடு இருக்கிற பிரதிகள், மறுப்பதற்கில்லை. ஆனால் அவர் 2025 ஜனவரியில் காலமானார். அவருக்குப் பிறகு வந்தவர்கள் என்ன எழுதுகிறார்கள், அதில் எதை இந்தக் கரையில் வைத்து வாசிக்கலாம் என்று தேடியதில் கைக்கு வந்த இரண்டு நாடகங்களைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். இரண்டையும் எழுதியவர் எஸ். சக்திதரன். சிட்னியில் வாழ்கிறார், ஆங்கிலத்தில் எழுதுகிறார். இதைக் கேட்டதும் சிலருக்கு முகம் சுருங்கும். கொஞ்சம் பொறுங்கள்.

ஒரு நாவலைப் பரிந்துரைப்பது லேசு. நல்லாயிருக்கு, வாசியுங்கோ என்றால் போதும். நாடகத்தை அப்படிச் சொல்ல முடியாது. எங்கே வைத்து, யாரைக் கொண்டு, யாருக்கு முன்னால் என்ற மூன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். என்னுடைய 'எங்கே' நாயாறு. முல்லைத்தீவிலிருந்து கொக்கிளாய் போகிற வீதியில் அளம்பிலும் செம்மலையும் தாண்டினால் பாலம் வரும். ஒரு பக்கம் களப்பு, மறு பக்கம் கடல், நடுவில் மணல் திட்டு. மாரி மழைக்கு அந்தத் திட்டு உடைந்து களப்பு கடலோடு சேரும். சோளகக் காற்றில் மேற்குக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் சிலாபம், நீர்கொழும்புப் பக்கத்து மீனவர்கள் இந்த அமைதியான கிழக்குக் கடலுக்கு வந்து வாடி போடுவார்கள். கண்ணுக்கு வடிவான இடம். கொஞ்ச நேரம் நின்று பேச்சுக் கேட்டால் தெரியும், இங்கே ஒவ்வொரு சாண் மணலுக்கும் வழக்கு இருக்கிறது.

1984 டிசம்பரில் நாயாறு, கொக்குத்தொடுவாய், கொக்கிளாய், கருநாட்டுக்கேணி மக்கள் எழுப்பப்பட்டார்கள். போர் முடிந்த பிறகு திரும்பி வந்தபோது தாங்கள் கரைவலை இழுத்த பாடுகளில் வேறு ஆட்கள் நின்றார்கள். 2018 ஆகஸ்டில் தமிழ் மீனவர்களின் வாடிகளும் படகுகளும் ஓர் இரவில் எரிந்தன. இந்தச் சஞ்சிகையை வாசிக்கிறவர்களுக்கு இன்னொரு திரும்பி வருதலைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். தண்ணீரூற்றிலும் நீராவிப்பிட்டியிலும் இருந்து போன நாங்கள் புத்தளத்து ஓலைக்கொட்டிலில் பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைகளுக்கும் பிள்ளை பிறந்த பிறகு, ஊருக்கு வந்து எங்கள் வளவின் எல்லைக்கல்லைத் தேடினோம். போனவன் திரும்பி வருகிறான். வந்த இடத்தில் அவனுடைய இடம் இல்லை. இந்தப் பகுதியில் மூன்று சமூகத்துக்கும் இதைவிடப் பெரிய நாடகக் கரு இருக்க முடியாது.

இந்தக் கருவை ஈழத்துத் தமிழ் நாடகம் எங்களுக்கெல்லாம் முன்பே ஒருதரம் தொட்டுவிட்டது. மஹாகவி உருத்திரமூர்த்தியின் 'புதியதொரு வீடு'. எழுபதுகளின் தொடக்கத்தில் தாசீசியஸ் அதை மேடையேற்றினார். பா நாடகம். மீனவக் குடும்பம். கடலுக்குப் போன அண்ணன் புயலில் மாண்டான் என்று ஊர் நம்புகிறது. தம்பி அவளை மணம் முடிக்கிறான். குடும்பம் ஒருவாறு மறுபடி நிமிர்கிறது. அப்போது அண்ணன் வந்து நிற்கிறான். இதில் யார் குற்றவாளி? ஒருவருமில்லை. ஒருவரும் குற்றவாளி இல்லாத இடத்தில்தான் நாடகம் கூர்மையாகும் என்பது மஹாகவிக்குத் தெரிந்திருந்தது. கடல் அவனைக் கொல்லவில்லை, காலம்தான் கொன்றுவிட்டது. மஹாகவியைப் பதிப்பித்து, அவர் பெயர் மங்காமல் காத்ததில் கல்முனையின் எம்.ஏ. நுஃமானுக்குப் பெரிய பங்கு உண்டு. ஓர் அளவெட்டிக் கவிஞரைக் கிழக்கு முஸ்லிம் ஒருவர் பொத்திப் பாதுகாத்த கதையை எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்காமல் விடுகிறோம். அது வேறு விஷயம்.

அந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டுதான் சக்திதரனின் 'கவுண்டிங் அன்ட் க்ராக்கிங்' நாடகத்துக்கு வந்தேன். தமிழில் 'எண்ணுதலும் உடைத்தலும்' எனலாம். தலைகளை எண்ணுவதும் தலைகளை உடைப்பதும். ஜனநாயகம் எது வரைக்கும் முதலாவதைச் செய்யும், எந்தக் கோட்டுக்கு அப்பால் இரண்டாவதுக்குப் போகும் என்பதுதான் தலைப்பின் உட்பொருள். வன்னியில் இருக்கிறவனுக்கு அகராதி தேவைப்படாத தலைப்பு.

இந்த நாடகம் என் கண்ணில் பட்டது ஒரு நடிகரின் பெயரால். அந்தோனிதாசன் யேசுதாசன் என்று பாத்திரப் பட்டியலில் இருந்தது. எங்களுக்கு அவர் ஷோபாசக்தி. 'கொரில்லா'வை எழுதியவர் சிட்னியில் என்ன செய்கிறார் என்று பார்க்கப்போய்த்தான் நாடகத்தைப் பிடித்தேன். பிறகு அங்கே இருக்கிற மச்சான் ஒருத்தர் புத்தகத்தை அனுப்பிவைத்தார். புதிய நாடகம் எங்களிடம் வந்து சேர்கிற லட்சணம் இதுதான்: யாரோ ஒரு மச்சான் இருக்க வேணும்.

2019 ஜனவரியில் சிட்னி நகர மண்டபத்தில், பெல்வொயர் அரங்கின் ஏமன் ஃபிளாக் நெறியாள்கையில் முதலில் மேடையேறியது. மூன்று மணித்தியாலத்துக்கு மேல் ஓடும். பதினாறு நடிகர்கள், நாலு தலைமுறை, 1956 முதல் 2004 வரையான காலம். 2020இல் விக்ரோரிய மாநிலத்தின் உயர்ந்த இலக்கியப் பரிசு இதற்குக் கிடைத்தது. 2022இல் எடின்பரோவுக்கும் பேர்மிங்காமுக்கும், 2024இல் நியூயோர்க்குக்கும் போனது. இவ்வளவு தூரம் போனது முல்லைத்தீவுக்கு வரவில்லை என்று குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. பரிசுப் பட்டியல் ஒரு நாடகத்தை நல்லதாக்கிவிடாது என்பதும் தெரியும். கதையைப் பாருங்கள்.

2004. சிட்னியில் ராதா என்ற தமிழ்ப் பெண், தன் தாயின் சாம்பலை ஆற்றில் கரைக்க மகன் சித்தார்த்தனைக் கூட்டிக்கொண்டு நிற்கிறாள். மகனுக்கு இருபத்தொரு வயது. தமிழும் சடங்கும் அவனுக்கு அரைகுறை. 1983 கலவரத்தில் புருஷன் திரு செத்துப்போனான் என்று நம்பி, வயிற்றில் பிள்ளையோடு நாட்டைவிட்டு வந்தவள் ராதா. அவ்வளவு காலமும் மகனிடம் ஊரைப் பற்றி வாய் திறக்காதவள். அந்த வீட்டுக்குக் கொழும்பிலிருந்து ஒரு தொலைபேசி வருகிறது. திரு உயிரோடு இருக்கிறான். இருபத்தொரு வருடம் சிறையில் இருந்திருக்கிறான். பிறகு அவன் படகேறி அவுஸ்திரேலியாவுக்கு வருகிறான். வந்தவனை வரவேற்பது தடுப்புமுகாம்.

மஹாகவியின் அண்ணனும் சக்திதரனின் திருவும் ஒரே ஆள்தான். இருவரையும் செத்தவர்கள் என்று நம்பி உயிரோடிருந்தவர்கள் தங்கள் வாழ்க்கையைக் கட்டினார்கள். வித்தியாசம் எங்கே என்றால், மஹாகவியில் ஆளைக் கொண்டுபோனது புயல். சக்திதரனில் கொண்டுபோனது அரசு. புயல் கொண்டுபோனால் ஒருவரிடமும் கணக்குக் கேட்க முடியாது. அரசு கொண்டுபோனால் கேட்க வேண்டும். 1971க்கும் 2019க்கும் இடையில் எங்கள் நாடகத்துக்கு நடந்தது இதுதான், எங்கள் நாட்டுக்கு நடந்ததும் இதுதான்.

ஒரு பின்னேரம் செம்மலைப் பக்கத்துத் தெரிந்தவர் ஒருவரின் வாடியில் இருந்து அந்தத் தொலைபேசிக் காட்சியை வாய்மொழியாகத் தமிழ்ப்படுத்திச் சொன்னேன். அரங்கும் இல்லை, ஒத்திகையும் இல்லை. படங்குக்குக் கீழே வலை தெரிந்துகொண்டிருந்த ஆட்கள் ஆறேழு பேர், அவர்களில் ஒருவரின் தாய். பக்கத்து வாடியில் வேலை செய்கிற சிலாபத்து ஆள் ஒருவர் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து ஓரமாகக் குந்தினார். முடித்ததும் இளம் ஆள் ஒருவர் கேட்டார்: "நானா, இருவத்தொரு வருசம் அந்த மனிசி ஏன் இன்னொரு கலியாணம் செய்யேல்லை?" நான் பதில் சொல்ல முதல் அந்தத் தாய் குறுக்கே விழுந்தா. "அதை விடு. ஆள் இருக்குது எண்டு ஒருத்தன் ரெலிபோன் எடுத்துச் சொல்லியிருக்கிறானே, அது பெரிய காரியம். எங்களுக்கு இருக்குது எண்டும் சொல்லேல்லை, இல்லை எண்டும் சொல்லேல்லை." பிறகு ஒருவரும் பேசவில்லை. முல்லைத்தீவில் 2017 மார்ச் முதல் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் படத்தைப் பிடித்துக்கொண்டு தொடர்ந்து போராடுகிறார்கள். அவவும் அங்கே போய் இருந்து வருகிறவ. சிட்னியில் அந்தக் காட்சி ஓர் அதிசயமாகவும் ஆறுதலாகவும் போயிருக்கும். இங்கே அது பொறாமையைக் கிளப்புகிறது. ஒரே காட்சி, இடம் மாறினால் பொருள் இவ்வளவு மாறுகிறது.

இந்த நாடகத்தில் இன்னொரு உத்தி இருக்கிறது. இந்தக் கரைக்கு என்றே செய்தமாதிரி. பாத்திரங்கள் தமிழிலோ சிங்களத்திலோ பேசும்போது பக்கத்தில் நிற்கிற இன்னொரு நடிகர் அதை உடனுக்குடன் ஆங்கிலத்தில் சொல்வார். திரையில் எழுத்து ஓடுவதில்லை. மனிதன் மனிதனுக்குச் சொல்கிறான். அவுஸ்திரேலியாவில் இது ஆங்கிலப் பார்வையாளருக்கான வசதி. நாயாற்றில் செய்தால் தமிழ் பேசுகிறவன் பக்கத்தில் ஒரு சிங்களவரும், சிங்களம் பேசுகிறவன் பக்கத்தில் ஒரு தமிழரும் நிற்க வேண்டும். அப்போது அது வசதி என்ற நிலையைத் தாண்டிவிடும். மற்றவன் சொன்னதை என் வாயால் சொல்ல வேண்டி வந்தால் அதைக் கொஞ்சமாவது கேட்டுத்தானே ஆக வேண்டும்? அன்றைக்கு வாடியில், நாடகத்தில் வரும் சிங்களப் பாத்திரம் ஒன்றின் பேச்சை எனக்குத் தெரிந்த புத்தளத்துச் சிங்களத்தில் சொல்லிப் பார்த்தேன். சிலாபத்து ஆள் சிரித்துவிட்டுத் திருத்தினார். "ஐயா, அப்பிடிச் சொன்னா கடையில சாமான் வாங்கிறமாதிரி இருக்கி. கூட்டாளிக்கி இப்பிடிச் சொல்லணும்." அவருடைய வாடிக்காரருக்கும் நான் இருந்த வாடிக்காரருக்கும் நீதிமன்றத்தில் வழக்கு நடக்கிறது என்பது பிறகுதான் தெரியவந்தது. நாடகம் வழக்கைத் தீர்க்கப்போவதில்லை. ஆனால் வழக்காளிகள் ஒரு வசனத்தை எப்படிச் சொல்வது என்று பேசிக்கொண்ட கால் மணித்தியாலம் உண்மை.

வன்னிக்கும் இந்த நாடகத்துக்கும் பலர் கவனிக்காத தொடர்பு ஒன்று உண்டு. ராதாவின் பேரன், அதாவது அவளது தாத்தா, 'அப்பா' என்று அழைக்கப்படும் பாத்திரம். கணித மேதை, அரசியல்வாதி. சக்திதரனின் குடும்ப முன்னோரான சி. சுந்தரலிங்கத்தின் சாயல் அவருக்கு உண்டு. சுந்தரலிங்கம் 1947இல் வவுனியாத் தொகுதியில் வென்று முதல் அமைச்சரவையில் வர்த்தக அமைச்சரானவர். அந்தக் காலத்து வவுனியாத் தொகுதிக்குள் முல்லைத்தீவும் அடக்கம். அப்படிப் பார்த்தால் இந்தக் கரையின் பழைய ஆட்கள் எண்ணிய தலைகளும் அந்தப் பெட்டிக்குள் விழுந்திருக்கின்றன. நாடகத்துத் தாத்தா அறம் பேசுகிற, நாட்டை நேசிக்கிற, ஏமாற்றப்பட்ட பெரியவர். சரி. வரலாற்றுச் சுந்தரலிங்கமோ 1968இல் மாவிட்டபுரம் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டோர் போகக்கூடாது என்று வாசலில் மறித்து நின்றவர். மேடைப் பாத்திரமும் வரலாற்று மனிதரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. ஆனால் தலைப்பே தலைகளை எண்ணுவது பற்றியதாக இருக்கும்போது, யாருடைய தலை எண்ணப்படவேயில்லை என்று இங்கே ஒருவன் எழும்பிக் கேட்பான். இந்த நாடகத்தின் பெரிய பலவீனம் அந்தக் கொழும்பு மேட்டுக்குடி வீடுதான். அந்த வீடு உடைவதைப் பார்த்து மனம் நோகிறது. நொந்துகொண்டே, அந்த வீட்டில் சமைத்தவர்கள் 83இல் எங்கே போனார்கள் என்றும் நினைக்கிறோம்.

எங்களைப் பொறுத்தவரை இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இலங்கைப் பகுதி முழுக்கத் தமிழர், சிங்களவர் என்ற இரண்டு தூணின் மேல் நிற்கிறது. நாட்டின் கதையைச் சொல்ல வந்த ஒரு பெரிய பிரதியில் மூன்றாவது தூணுக்குக் கிடங்குகூட வெட்டப்படவில்லை. இதை நான் புகாராக வைக்கவில்லை. ஒரு குடும்பத்தின் நினைவிலிருந்து எழுதுகிறவன் அந்தக் குடும்பம் கண்டதைத்தான் எழுதுவான். எங்களுடையதை எழுத வேண்டியது சக்திதரனின் வேலை அல்ல.

இரண்டாவது நாடகம் 'த ஜங்கிள் அன்ட் த சீ', காடும் கடலும். 2022 நவம்பரில் பெல்வொயரில் மேடையேறியது. சக்திதரனும் ஏமன் ஃபிளாக்கும் சேர்ந்து எழுதி நெறிப்படுத்தியது. போரின் பிற்பகுதி. கௌரி என்ற தாய், சிதறிப்போன குடும்பம் ஒன்று சேரும்வரை உலகத்தைப் பார்க்கமாட்டேன் என்று கண்ணைக் கட்டிக்கொள்கிறாள். மகாபாரதத்துக் காந்தாரி நினைவுக்கு வருவாள். அது வேண்டுமென்றே செய்தது. கௌரியாக நடித்த ஆனந்தவல்லி நடனக் கலைஞர், சக்திதரனின் தாயார். இதோடு கிரேக்கத்து சோபோக்கிளிஸின் 'அன்ரிகனி'யையும் பின்னியிருக்கிறார்கள். தேசத் துரோகி என்று அரசன் தீர்ப்பளித்த சகோதரனின் உடலை அடக்கக்கூடாது என்பது கட்டளை. அன்ரிகனி அடக்குகிறாள். அதற்காகச் சாகிறாள்.

கலை என்ற அளவில் முதலாவதுதான் மேலான நாடகம். இரண்டாவதில் இரு பெரிய பழம் படைப்புகளின் சுமை ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்தின் தோளில் ஏற்றப்பட்டிருக்கிறது. சில இடங்களில் அந்தத் தோள் வளைகிறது. காந்தாரி இல்லாமலே கௌரி போதும் என்று எனக்குப் படுகிறது. கண்ணைக் கட்டாமலே கண்ணைக் கட்டியிருக்கிற தாய்மாரை முல்லைத்தீவு வீதியில் பார்க்கிறோம், அவர்களுக்கு வியாசரின் சிபார்சு தேவையில்லை. அப்படியிருந்தும், ஒன்றைத்தான் தமிழாக்கலாம் என்று யாராவது சொன்னால் நான் இரண்டாவதைத்தான் கேட்பேன். காரணம் அன்ரிகனி.

இறந்தவனை யார், எங்கே, எப்படி அடக்குவது என்ற கேள்வி இரண்டாயிரத்து நானூறு வருடப் பழைய கிரேக்கக் கேள்வி என்று பல்கலைக்கழகத்தில் படித்தோம். நாயாற்றுக்குப் போகிற வழியில் அளம்பிலில் ஒரு துயிலும் இல்லம் இருந்தது. அங்கே பிள்ளைகளைப் புதைத்த பெற்றோர் இன்று அந்த இடத்துக்குள் கால் வைக்க முடியாது. நாயாற்றுக் கரையிலேயே, நீராவியடிப் பிள்ளையார் கோயில் வளவில், 2019 செப்டெம்பரில் ஒரு பௌத்த பிக்குவின் உடல் நீதிமன்றக் கட்டளையை மீறித் தகனம் செய்யப்பட்டது. அங்கே அன்ரிகனியின் கதை தலைகீழாக நின்றது. கட்டளையை மீறியவர்களின் பின்னால் பலம் நின்றது, தடுக்கச் சொல்லிக் கேட்டவர்கள் நீதிமன்றத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். ஒரு நல்ல நெறியாளருக்கு இது போதும். சட்டத்தை மீறுகிறவன் எப்போதும் அன்ரிகனி ஆகிவிடமாட்டான் என்று சோபோக்கிளிஸுக்கே ஒரு பதில் எழுதலாம்.

பிறகு கொரோனா. 2020 ஏப்ரலிலிருந்து அடுத்த வருடம் பெப்ரவரி வரை இந்த நாட்டில் கொரோனாவில் மௌத்தானவர்களை அடக்க விடவில்லை. எரித்தார்கள். இருபது நாள் குழந்தையையும் எரித்தார்கள். தகனசாலை வேலியில் வெள்ளைத் துணி கட்டிவிட்டு வந்த நாட்களை இந்தச் சஞ்சிகையின் வாசகர் ஒருவரும் மறந்திருக்கமாட்டார். பிறகு ஓட்டமாவடியில் மட்டும் இடம் தந்தார்கள். நாட்டின் எந்த மூலையில் மௌத்தானாலும் ஜனாஸா அங்கே போக வேண்டும், பிள்ளைகள் பின்னால் போக வேண்டும். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. மன்னிப்புக் கேட்டாயிற்று என்று கிரயோன் சொல்லியிருந்தால் அன்ரிகனி என்ன செய்திருப்பாள்? இந்தக் கேள்வியை மேடையில் வைக்க எங்களுக்கு ஒரு பிரதி வேண்டும். 'காடும் கடலும்' அதை நேரடியாகச் செய்யவில்லை. ஆனால் வழியைத் திறந்துவிட்டிருக்கிறது. ஒரு சைவத் தமிழ்க் குடும்பத்தின் கதையாக எழுதப்பட்டதை நீராவிப்பிட்டியில் வாசித்துக்கொண்டு போகும்போது ஓரிடத்தில் எங்கள் உம்மாமார் அழுவார்கள். அது என்ன இடம் என்று முன்கூட்டியே எனக்குத் தெரியும்.

நாடகம் ஒரு திசையில் மட்டும் பயணப்படுகிறது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். சண்முகலிங்கத்தின் மூன்று நாடகங்களை சோ. பத்மநாதன் ஆங்கிலமாக்கினார், உலகம் வாசிக்கலாம். உலகத்தில் எங்களைப் பற்றி எழுதப்படுவதைத் தமிழாக்குகிறவர் குறைவு. சென்னையில் இருந்துகொண்டு ஆங்கிலத்தில் எழுதும் அனுபமா சந்திரசேகரின் காந்தி கொலை பற்றிய நாடகம் 2022இல் லண்டன் தேசிய அரங்கில் ஏறியது. அதைத் தமிழில் கேட்கிற ஆட்களை நான் கண்டதில்லை. புலம்பெயர்ந்தவன் ஆங்கிலத்தில் எழுதினால் அது 'அவர்களுடையது' என்று தள்ளிவிடுகிறோம். சக்திதரனின் பாத்திரங்கள் அந்த ஆங்கிலப் பிரதிக்குள்ளேயே தமிழில் சிந்திக்கிறார்கள். மொழிபெயர்ப்பாளர் செய்ய வேண்டியது அதை வெளியே எடுப்பது. ஒரு எச்சரிக்கை: அதைச் சென்னைத் தமிழிலோ பாடப்புத்தகத் தமிழிலோ எடுக்கக்கூடாது. ராதா யாழ்ப்பாணத்து வேரும் கொழும்பு வளர்ப்பும் உள்ளவள். அவளுடைய கோபம் ஒரு தமிழிலும் பகிடி இன்னொரு தமிழிலும் வரும். அதைப் பிடிக்க முடியாத மொழிபெயர்ப்பு ஆங்கிலத்திலேயே கிடக்கலாம்.

எழுதப்பட வேண்டிய மூன்றாவது நாடகம் ஒன்று உண்டு. 1990 கவிதையில் வந்திருக்கிறது, சிறுகதையில் வந்திருக்கிறது, ஆய்வுக் கட்டுரையில் தாராளமாக வந்திருக்கிறது. மேடைக்கு வரவேண்டிய கனத்தோடு வரவில்லை. இதில் வெளியேற்றிய நாளை எழுதத் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். அந்த இரண்டு மணித்தியாலத்தைப் பற்றி எழுதப் போனால் எல்லாரும் கூக்குரல்தான் எழுதுகிறார்கள். திரும்பி வந்த நாளை எழுத வேண்டும். இருபது வருடம் கழித்து ஒரு குடும்பம் வளவுக்கு வருகிறது. அங்கே இன்னோர் அகதிக் குடும்பம் இருக்கிறது, அதுவும் எங்கிருந்தோ துரத்தப்பட்டு வந்தது. கிணற்றைத் துப்புரவாக்கி வைத்திருக்கிறார்கள். வந்தவர்களின் வாப்பா நட்ட மாமரத்தில் அவர்களின் பிள்ளை ஊஞ்சல் ஆடுகிறது. அந்த வீட்டு மனிசி வெளியே வந்து "வாங்கோ, இருங்கோ" என்கிறா. தன்னுடைய வீட்டில் விருந்தாளியாக இருக்கச் சொல்லிக் கேட்கப்பட்டவன் இருப்பானா, நிற்பானா? மஹாகவி இதை எழுதிவிட்டார், ஆட்களின் பெயர் மட்டும் வேறு. இன்றைக்கு இருபத்தைந்து வயதில் இருக்கிற, புத்தளத்தில் பிறந்து முல்லைத்தீவுக்கு வந்த பிள்ளை ஒன்றுதான் மறுபடி எழுத வேணும். அந்தப் பிள்ளைக்கு இரண்டு ஊர்த் தமிழும் வாயில் இருக்கிறது.

கேட்ட ஆசிரியர்களுக்கு நேரடியாகச் சொல்கிறேன். முழு நாடகத்தையும் தூக்க வேண்டாம். மூன்று மணித்தியாலத்துக்கு எங்கள் மண்டபங்களில் மின்சாரமே நிற்காது. 'புதியதொரு வீடு' பிரதியை எடுத்து, அண்ணன் திரும்பி வந்து நிற்கிற காட்சியைப் பிள்ளைகளோடு உரத்து வாசியுங்கள். பா நாடகம் என்று பயப்பட வேண்டாம், வாயில் போட்டால் பேச்சாகவே வரும். அதற்கு அடுத்த கிழமை சக்திதரனின் தொலைபேசிக் காட்சி. ஆங்கில ஆசிரியரைப் பிடித்துப் பிள்ளைகளையே தமிழாக்கச் சொல்லுங்கள், பத்து நிமிடத்துக்கு மேல் வராது. மேடையேற்றுவதாக இருந்தால் ஆசிரியரிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். வகுப்பறை வாசிப்போடு தொடங்குங்கள். திருவாக ஒரு பிள்ளை, ராதாவாக ஒரு பிள்ளை, அவர்கள் பேசுவதைச் சிங்களத்தில் சொல்ல ஒரு பிள்ளை. செம்மலைப் பாடசாலை ஒன்றில் அந்த மூன்றாவது பிள்ளைக்கு ஆள் இல்லை என்று டீச்சர் சொன்னா. நாயாற்று வாடியில் ஓர் ஆள் இருக்கிறார் என்று சொல்லியிருக்கிறேன். சோளகம் முடிந்து அவர் சிலாபம் போவதற்கு முதல் கேட்க வேண்டும்.